எண் குறைந்தது, உயிர் நிலைத்ததா?

இவ்வாரம் ஒரு மாத்திரையைப் பற்றி எழுதப் புகுகிறேன். "அரசியல் ஏட்டிலே மருந்துக் கடைப் பேச்சு எதற்கு?" என்று புருவம் நெரிப்போர் நம்மிடையேயும் இருக்கக்கூடும். அரிசியின் விலை அரசியல் என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆலைத் தொழிலாளியின் கூலி அரசியல் என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். அந்தத் தொழிலாளி நாற்பத்தைந்து வயதில் மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்வதும், ஐம்பது வயதில் வாரந்தோறும் டயாலிசிஸ் இயந்திரத்தின் அருகே படுத்துக் கிடப்பதும் மட்டும் தலைவிதியா? விதியின் கணக்கில் எழுதிவிட்டால் எவரும் பதில் கூற வேண்டியதில்லை. அதனால்தான் விதி என்கின்றனர். நாம் பதில் கேட்கப் பிறந்த இயக்கத்தார். ஆகவே, கேட்போம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடைபெற்ற பேராய்வு 2023-ஆம் ஆண்டில் ஒரு கணக்கை வெளியிட்டது. இந்நாட்டில் நீரிழிவு கொண்டோர் 10 கோடியே 10 இலட்சம் பேர். அதன் வாயிற்படியில் நிற்போர் 13 கோடியே 60 இலட்சம் பேர். செல்வர் வீட்டு நோய் என்று ஒரு காலத்தில் ஏளனமாகப் பேசப்பட்ட நோய், இன்று ரேஷன் கடை வரிசையில் நிற்கிறது. பேருந்தின் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்திருக்கிறது. தறியின் முன்னே குனிந்திருக்கிறது.

இந்நோய் ஆளை நேரே வந்து அடிப்பது குறைவு. அது அனுப்பும் அடியாட்கள் இருவர். ஒருவன் இதயத்தைத் தாக்குவான். மற்றவன் சிறுநீரகத்தை ஓசையின்றி அரிப்பான். நீரிழிவு நோயாளர்களின் உயிரைப் பெரும்பாலும் பறிப்பது இவர்களே. அவ்வாறாயின், நீரிழிவுக்கென ஒரு மருந்தை விற்பவனிடம் முதலில் கேட்கவேண்டிய கேள்வி எது? "இது என் இதயத்தைக் காக்குமா? என் சிறுநீரகத்தைக் காக்குமா?" என்பதன்றோ?

அந்தக் கேள்வி நெடுங்காலம் கேட்கப்படவில்லை, தோழர்களே! இரத்தத்திலே சர்க்கரையின் அளவு குறைகிறதா, ஒப்புதல் கொடு, விற்பனை செய், என்றே நடந்துவந்தது. எண் குறைந்தால் போதும். ஆள் என்ன ஆனான் என்று திரும்பிப் பார்க்க ஆளில்லை! அந்த அளவுகோலை ஒடித்து எறிந்து, உயிரையே அளவுகோலாக நிறுத்தியது எவருடைய கை? வணிகரின் இரக்கமா? கதையைக் கேளுங்கள், பிறகு தீர்ப்பளியுங்கள்.

அவாண்டியா சொல்லும் பாடம்

1999-ஆம் ஆண்டு. அமெரிக்காவில் ரோசிகிளிட்டசோன் என்ற மாத்திரை, அவாண்டியா என்ற பெயரோடு அங்காடிக்கு வந்தது. சர்க்கரையைக் குறைத்தது, ஐயமில்லை. விற்பனை பெருகியது, அதிலும் ஐயமில்லை. அதே ஆண்டில், வட கரோலினாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் பூஸ் என்ற மருத்துவப் பேராசிரியர், இம்மருந்து இதயத்துக்குக் கேடு விளைக்கக்கூடும் என்று பொதுமேடையில் எச்சரித்தார். நிறுவனம் செய்தது என்ன? கேள்விக்கு விடையா தேடிற்று? கேட்டவரின் வாயையன்றோ அடைக்க முற்பட்டது! அவருடைய மேலதிகாரியை அணுகி நெருக்கியது. அவரிடமிருந்து கடிதம் வாங்கியது. இது நமது கற்பனையன்று. அமெரிக்க செனட் சபையின் நிதிக்குழு 2007-இல் வெளியிட்ட அறிக்கையில் பதிவான செய்தி.

உண்மை எவ்வாறு வெளிவந்தது? அதுதான் நாம் கூர்ந்து நோக்கவேண்டிய இடம். வேறொரு மருந்தைப் பற்றிய தகவலை மறைத்த குற்றத்துக்காக 2004-இல் நியூயார்க் மாநிலத்தின் தலைமை வழக்குரைஞர் கிளாக்சோ ஸ்மித்கிளைன் நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கின் முடிவில், தன் ஆய்வு முடிவுகளைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க நிறுவனம் இசைய நேர்ந்தது. அவ்வாறு திறந்த பெட்டகத்திலிருந்து எண்களை எடுத்தார் கிளீவ்லாந்து மருத்துவமனையின் இதய மருத்துவர் ஸ்டீவன் நிசன். தன் துணைவரோடு 42 ஆய்வுகளைக் கூட்டிப் பார்த்தார். 2007 மே மாதம் முடிவு வெளிவந்தது: அம்மருந்தை உண்டோருக்கு மாரடைப்பு நேரும் வாய்ப்பு 43 விழுக்காடு மிகுதி!

உலகம் அதிர்ந்தது. 2010-இல் ஐரோப்பா அம்மருந்தை நிறுத்திவைத்தது. அமெரிக்கா கடும் கட்டுப்பாடு விதித்தது. இந்தியாவும் அதே ஆண்டில் தடை செய்தது. 2012-இல் அந்நிறுவனம் பல மருந்துகள் தொடர்பான குற்றச்சாட்டுகளுக்காக 300 கோடி டாலர் செலுத்தச் சம்மதித்தது. அவாண்டியா பற்றிய பாதுகாப்புத் தகவல்களை அரசுக்கு முறைப்படி அறிவிக்கத் தவறியதும் அது ஒப்புக்கொண்ட குற்றங்களில் ஒன்று.

"2013-இல் அமெரிக்கா அக்கட்டுப்பாடுகளைத் தளர்த்தியதே, மாரடைப்புக் குற்றச்சாட்டு உறுதிப்படவில்லை என்றதே, அதை ஏன் மறைக்கிறாய்?" என்று கேட்பர் மறுதரப்பார். மறைக்கவில்லை, நானே எடுத்து வைக்கிறேன். மறு ஆய்வில் மாரடைப்பு மிகுதி என்பது உறுதிப்படவில்லை, உண்மை. ஆனால் இதயம் வலுவிழந்து நீர் கோக்கும் நோயை அம்மருந்து மிகுவிக்கும் என்ற எச்சரிக்கை அழியவில்லை. அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு: ஒரு மருந்து இதயத்துக்கு நல்லதா, கெட்டதா என்று அறிய, கோடிக்கணக்கான மாத்திரைகள் விற்றுத் தீர்ந்து, பதினான்கு ஆண்டுகள் கடந்தபின் வழக்காட வேண்டுமா? விற்பதற்கு முன்னே ஏன் அறியவில்லை? இந்தக் கேள்விக்கு அவர்களிடம் விடையில்லை.

ஆணை பிறந்தது, அதிசயம் விளைந்தது

விடை, அரசின் ஆணையாக வந்தது. 2008 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அறிவித்தது: இனி நீரிழிவு மருந்து எதுவாயினும், அது இதயத்துக்குத் தீங்கு செய்யாது என்பதை ஆயிரக்கணக்கான நோயாளரிடம் ஆய்ந்து மெய்ப்பிக்க வேண்டும். செலவு மிகுமே, புதிய மருந்துகள் வரத்து குன்றுமே என்ற முணுமுணுப்பு எழாமல் இல்லை.

அதே 2008-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, எண்ணை மட்டும் வணங்கும் வழக்கத்துக்கு அடுத்த அடியைக் கொடுத்தது. அக்கார்ட் என்பது அதன் பெயர். 10,251 நோயாளர், ஒரு சாராருக்குச் சர்க்கரையை மிகக் கடுமையாகக் குறைத்தனர், மறு சாராருக்கு வழக்கம்போல் குறைத்தனர். கடுமையாகக் குறைத்த பக்கம் 257 இறப்பு, மறுபக்கம் 203! ஆய்வின் அப்பகுதியையே இடையில் நிறுத்த நேர்ந்தது. சர்க்கரையைக் கட்டுப்படுத்தவே வேண்டாம் என்று நான் கூறுவதாக எவரும் திரித்துவிட வேண்டாம். கட்டுப்படுத்தத்தான் வேண்டும்; கட்டுப்பாடற்ற சர்க்கரை கண்ணையும் காலையும் சிறுநீரகத்தையும் தின்னும். ஆனால் எண்ணைக் குறைப்பது ஒன்று. உயிரைக் காப்பது மற்றொன்று. இரண்டையும் தனித்தனியே நிறுத்திக் கேட்க வேண்டும் என்பதே பாடம்.

ஆணைப்படி ஆய்வுகள் நடந்தன. 2013-இல் சாக்ஸாகிளிப்டின் என்ற மாத்திரை சோதனைக்கு உள்ளாயிற்று. 16,492 நோயாளர். மாரடைப்பு மிகவில்லை, ஆனால் இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டோர் ஆயிரத்துக்கு 28 பேர் என்பது 35 பேராக உயர்ந்தது. ஆணை இல்லையேல் இது எவருக்குத் தெரிந்திருக்கும்?

பிறகு வந்தது 2015. எம்பாகிளிஃப்ளோசின் என்ற மாத்திரையின் முறை. 7,020 நோயாளர், அனைவரும் ஏற்கெனவே இதய நோயோ இரத்தக் குழாய் நோயோ கொண்டவர்கள். தீங்கில்லை என்று காட்டினால் போதும் என்று தொடங்கிய ஆய்வு அது. முடிவோ, அறிஞர்களையே எழுந்து நிற்க வைத்தது. இதய நோயால் மாண்டோர், வெற்று மாத்திரை உண்டோரில் ஆயிரத்துக்கு 59 பேர். மருந்து உண்டோரில் 37 பேர். இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனை சேர்வது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. தீங்கு தேடிச் சென்றனர். உயிர் காக்கும் மருந்தைக் கண்டு திரும்பினர்! வேண்டா வெறுப்பாக நடத்திய சோதனை, நீரிழிவு மருத்துவத்தின் போக்கையே மாற்றிவிட்டது.

சிறுநீரகத்துக்கும் விடிவு பிறந்தது. 2019-இல் அதே இனத்தைச் சேர்ந்த கானாகிளிஃப்ளோசின்: நீரிழிவால் சிறுநீரகம் பழுதுற்ற 4,401 பேரிடம் ஆய்ந்ததில், சிறுநீரகம் செயலிழத்தல் உள்ளிட்ட பெருங்கேடுகள் 30 விழுக்காடு குறைந்தன. 2020-இல் டாபாகிளிஃப்ளோசின்: 4,304 பேரிடம் ஆய்ந்ததில் 39 விழுக்காடு குறைந்தது, அவர்களுள் நீரிழிவே இல்லாதோரும் அடக்கம். இவ்விரு ஆய்வுகளும் பயன் தெளிவாகிவிட்டதால் முன்கூட்டியே முடிக்கப்பட்டன. வெற்று மாத்திரையை இனியும் கொடுத்துக்கொண்டிருப்பது அறமன்று என்ற நிலை!

இவை செயல்படும் விதத்தில் மாயமில்லை. நம் சிறுநீரகம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடிகட்டுகிறது. அதோடு வடியும் சர்க்கரையை வீணாக்காமல் மீட்டெடுத்து உடலுக்கே திருப்பி அனுப்புகிறது. நீரிழிவு நோயாளியின் உடலில் இந்தச் சிக்கனமே பகையாகிவிடுகிறது. இம்மாத்திரைகள் அந்த மீட்பு வாயிலை அடைக்கின்றன. மிகையான சர்க்கரையும் சிறிது உப்பும் சிறுநீரில் வெளியேறுகின்றன. உப்பின் வரவை உணர்ந்த சிறுநீரகம், தன் வடிகட்டிகளுக்குள் பாயும் குருதியின் அழுத்தத்தைத் தளர்த்துகிறது. ஓயாத அழுத்தத்தால் கிழிந்துகொண்டிருந்த வடிகட்டிக்கு ஓய்வு கிடைக்கிறது. இதயத்தின் சுமையும் இறங்குகிறது.

அச்சத்தை விற்போர்

இங்கே மற்றொரு வாணிகனையும் கூண்டில் நிறுத்தியாக வேண்டும். "சர்க்கரை மாத்திரை கிட்னியைக் கெடுக்கும்" என்ற பேச்சு நம் தெருக்களில் உலவுகிறது. தேநீர்க் கடையில் பிறந்து, கைபேசியில் வளர்ந்து, வீடுவீடாக நுழைகிறது. கேட்டவர் மாத்திரையை நிறுத்துகிறார். சூரணத்துக்கும் லேகியத்துக்கும் ஆயிரக்கணக்கில் அழுகிறார். இரண்டாண்டு கழித்துக் கால் வீங்கி, முகம் ஊதி, மருத்துவமனைக்கு வருகிறார். வந்தபின் என்ன சொல்கின்றனர்? "பார்த்தீர்களா, மாத்திரை கெடுத்துவிட்டது!"

மெட்ஃபார்மின் என்ற பழைய, மலிவான மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. சிறுநீரகம் வேறு காரணத்தால் மிகவும் நலிந்துவிட்டால் அம்மாத்திரையை நிறுத்த வேண்டும். அது வேறு செய்தி. 1998-இல் முடிவு வெளியான பிரிட்டிஷ் பேராய்வில், உடல் பருத்த நோயாளரிடையே மெட்ஃபார்மின் இறப்பை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைத்தது. சிறுநீரகத்தைக் கெடுப்பவை அடங்காத சர்க்கரையும் அடங்காத இரத்த அழுத்தமும். அவற்றோடு கணக்கின்றி விழுங்கும் வலி மாத்திரைகளும், உலோகம் கலந்த போலி மருந்துகளும்.

மக்கள் ஏன் அஞ்சுகின்றனர் என்பதையும் எண்ணிப் பார்ப்போம். அவாண்டியாக்களை விற்று உண்மையை மறைத்தவர்கள் விதைத்த ஐயம், லேகியக்காரனுக்கு விளைச்சலாகிறது. ஐயப்படுவது குற்றமன்று, பகுத்தறிவின் முதற்படியே அதுதான். ஆனால் ஐயத்தை இருபுறமும் திருப்புங்கள். மாத்திரைக்காரனிடம் "ஆய்வைக் காட்டு" என்று கேட்ட வாய், லேகியக்காரனிடமும் "ஆய்வைக் காட்டு" என்று கேட்கட்டும். எவன் காட்டுகிறான், எவன் நழுவுகிறான் என்பது அப்போது விளங்கும்.

புதிய மாத்திரைகளுக்கும் குறைகள் உண்டு. பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரக்கூடும். பட்டினி கிடக்கையிலும், கடும் வாந்தி பேதியிலும், அறுவை சிகிச்சையை ஒட்டியும் உண்டால், கீட்டோன் அமிலம் பெருகி உயிருக்கே இடர் நேரக்கூடும். தொடக்கத்தில் கிரியாட்டினின் எண் சற்று ஏறித் தோன்றுவதும் உண்டு. அழுத்தம் தளர்ந்ததன் அடையாளம் அது என்பதை மருத்துவர் விளக்கவேண்டும். ஆகவே இக்கட்டுரையைப் படித்துவிட்டுக் கடைக்கு ஓடாதீர்கள். மருத்துவரிடம் செல்லுங்கள்; கேள்வியோடு செல்லுங்கள்.

விலையும் பட்டியலும்

உயிர் காக்கும் என்று மெய்ப்பிக்கப்பட்ட மருந்து, 2015-லிருந்து ஏழையின் கைக்கு ஏன் எட்டவில்லை? ஒரு சொல்லில் விடை: காப்புரிமை. எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரை ஒன்றின் விலை ஏறத்தாழ 60 ரூபாய். நாளுக்கு ஒன்று, மாதம் 1,800 ரூபாய், வாழ்நாள் முழுதும்! கட்டடத் தொழிலாளி என்ன செய்வார்? மருத்துவர் எழுதிய சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார், அவ்வளவுதான்.

2025 மார்ச்சில் அக்காப்புரிமை காலாவதியாயிற்று. உடனே இந்திய நிறுவனங்கள் அதே மருந்தைப் 10 ரூபாய்க்கும் குறைவாக விற்கத் தொடங்கின. 5, 6 ரூபாய்க்கும் கிடைத்தது. ஓர் இரவில் மூலப்பொருளின் விலையா குறைந்தது? வேலையாளின் கூலியா குறைந்தது? எதுவும் இல்லை, வேலி ஒன்று விழுந்தது. அந்த வேலிக்கு மக்கள் செலுத்திய வாடகைதான் மீதி ஐம்பது ரூபாய்!

"ஆராய்ச்சிக்குச் செலவிட்டவன் அதை மீட்க வேண்டாமா?" என்பர் வணிகரின் வழக்குரைஞர்கள். மீட்கட்டும்; ஆனால் ஒரே கண்டுபிடிப்புக்கு இரண்டு வேலி போடுவதும் மீட்பா? டாபாகிளிஃப்ளோசின் வழக்கில் அதுதான் நடந்தது. 2020 அக்டோபரில் ஒரு காப்புரிமை முடிந்ததும், அடுத்த காப்புரிமை இன்னும் இருக்கிறது என்று தடை கேட்டு நீதிமன்றம் ஏறியது நிறுவனம். டெல்லி உயர்நீதிமன்றம் தடை வழங்க மறுத்தது. 2021 ஜூலையில் மேல் அமர்வும் அம்மறுப்பை உறுதி செய்தது. ஒரு கண்டுபிடிப்புக்கு ஒரு காப்புரிமைதான் என்ற நெறி நிலைத்தது; மலிவு மாத்திரை கடைக்கு வந்தது.

அரசின் பொறுப்பு அங்கேதான் தொடங்குகிறது. உலக சுகாதார நிறுவனம் 2021-ஆம் ஆண்டிலேயே இவ்வின மருந்துகளை இன்றியமையா மருந்துப் பட்டியலில் சேர்த்தது. ஓராண்டு கழித்து, 2022 செப்டம்பரில், இந்திய அரசு தன் தேசியப் பட்டியலைப் புதுப்பித்தது. 384 மருந்துகள். நீரிழிவுக்கென டெனலிகிளிப்டின் என்ற மாத்திரை புதிதாக இடம்பெற்றது. இதய இறப்பைக் குறைக்குமா என்று ஆயிரக்கணக்கானோரிடம் எண்ணிப் பார்க்கும் பேராய்வை அதுவரை கடந்திராத மருந்து அது! இதயத்தையும் சிறுநீரகத்தையும் காக்கும் என்று மூன்று நான்கு பேராய்வுகளில் மெய்ப்பிக்கப்பட்ட மருந்தினத்துக்கோ, அந்தப் பட்டியலில் இடமில்லை. மலிவு என்று காரணம் காட்டினரோ? சர்க்கரை எண்ணைக் குறைக்கிறதே என்று நினைத்தனரோ? மீண்டும் அதே பழைய அளவுகோல்! உலகம் ஒடித்தெறிந்த கோலை எடுத்து ஒட்டுப்போட்டுக்கொண்டனர்.

இப்போது அடுத்த அலையும் எழுந்துள்ளது. செமாகுளுடைட் என்ற ஊசி மருந்து, நீரிழிவால் சிறுநீரகம் பழுதுற்ற 3,533 பேரிடம் ஆயப்பட்டது. சிறுநீரகப் பெருங்கேடுகளும் இதய இறப்பும் சேர்ந்து 24 விழுக்காடு குறைந்தன என்ற முடிவு 2024-இல் வெளிவந்தது. 2025 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் அவ்வினத்தையும் தன் பட்டியலில் ஏற்றது. விலையே தடையாக நிற்கிறது என்றும் கூறியது. முதல் அலையில் பத்தாண்டு இழந்தோம். இரண்டாம் அலையிலும் இழக்கப் போகிறோமா?

நாம் செய்ய வேண்டுவது

ஏழைக்கு மருந்து கொடுக்க இயலாது என்று எவரும் நம்மிடம் கதைக்க முடியாது. 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நிறுவப்பட்டு, மாநிலமே மொத்தமாக மருந்து வாங்கினால் விலை எவ்வளவு இறங்கும் என்று இந்தியாவுக்கே காட்டியது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், நீரிழிவு மாத்திரையையும் இரத்த அழுத்த மாத்திரையையும் வீட்டு வாயிலுக்கே கொண்டுசென்றது. பாதை இருக்கிறது, அப்பாதையில் எந்த மருந்து பயணம் செய்கிறது என்பதே கேள்வி.

தோழர்களே, கிளைதோறும் ஒரு வேலை காத்திருக்கிறது. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள். நீரிழிவு நோயாளிக்குச் சர்க்கரை எண்ணோடு நிறுத்திவிடுகிறார்களா, சிறுநீரில் புரதம் ஒழுகுகிறதா என்றும், இரத்தத்தில் கிரியாட்டினின் எவ்வளவு என்றும் ஆண்டுக்கொருமுறையேனும் பார்க்கிறார்களா என்று கேளுங்கள். சிறுநீரகம் வலியின்றிக் கெடும். இச்சோதனை இல்லாமல் அதைக் கண்டுபிடிக்க வழியில்லை. இதய நோயோ சிறுநீரக நோயோ கண்டவருக்கு இந்த மாத்திரை இலவசமாகக் கிடைக்கிறதா என்று கேளுங்கள். கிடைக்கும் இடத்தைப் பாராட்டுங்கள். கிடைக்காத இடத்தைக் குறித்துக்கொண்டு, சட்டமன்ற உறுப்பினரின் கையில் மனுவாகக் கொடுங்கள். தேசியப் பட்டியலில் உயிர் காக்கும் மருந்துகள் ஏறவேண்டும், பட்டியலில் ஏறியது மருந்தகத்தின் அலமாரியில் இருக்கவேண்டும் என்று நாடாளுமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள்.

ஒரு பேராசிரியரின் வாயை அடைத்தபோது உண்மை எட்டாண்டு தாமதித்தது. ஒரு மாநிலத்தின் வழக்குரைஞர் கேட்டபோது பெட்டகம் திறந்தது. ஒரு துறை ஆணையிட்டபோது உயிர் காக்கும் மருந்து வெளிப்பட்டது. ஒரு நீதிமன்றம் மறுத்தபோது விலையின் வேலி சாய்ந்தது. கேட்டவர் இருந்த இடத்திலெல்லாம் கிடைத்தது; கேளாத இடத்தில் எண் மட்டுமே குறைந்தது.

இனிக் கேட்கவேண்டியவர் நாம். மார்பைப் பிடித்துக்கொண்டு சாயப்போகும் அந்தத் தொழிலாளி சாய்வதற்கு முன்னே கேட்போம்!